கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன உடுப்பது? வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் "இந்த முறை எல்லாரும் சேர்ந்து கப்பலில் போவம்" என்று சொல்லி ரிக்கற் போட்டுவிடுகிறார்கள். 2023 யூனில் சென்னையிலிருந்து எம்பிரஸ் கப்பல் காங்கேசன்துறைக்கே வந்து போனது. அதிலிருந்து உல்லாசக் கப்பல் எங்கள் ஊர்ப் பேச்சிலும் அடிபடுகிறது. பயணம் முடிவானதும் வீட்டில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இரவுச் சாப்பாட்டுக்கு என்ன உடுப்பது? நான் பல வருடம் பயணிகள் கப்பல்களின் சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறும் வேலை செய்தவன். இப்போது கிளிநொச்சியில் இருக்கிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டுப் பதில் எழுதுகிறேன்.

பரந்தன், ஒரு அம்மா: மகள் ரொறன்ரோவில். மயாமியிலிருந்து ஏழு இரவுக் கப்பல் எடுத்திருக்கிறாள். இரண்டு இரவு "ஃபோர்மல்" என்றும் அதற்கு நீளக் கவுன் வாங்கவேணும் என்றும் சொல்கிறாள். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. சாறியோடு உள்ளே விடமாட்டார்களா தம்பி?

தாராளமாக விடுவார்கள் அம்மா. அந்த இரவில் மண்டபத்துக்குள் வருபவர்களில் நிறைவாக உடுத்தவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

முறையைச் சொல்கிறேன். ஏழு இரவுப் பயணத்தில் பல கம்பனிகள் இரண்டு இரவை விசேடமாக உடுக்கும் இரவாக வைத்திருக்கின்றன. மற்ற இரவுகளில் துப்புரவாக, சாதாரணமாக உடுத்தால் போதும். விசேட இரவின் பெயர் கம்பனிக்குக் கம்பனி மாறும். கார்னிவல் "எலிகன்ற்" என்கிறது, கியூனார்ட் "காலா" என்கிறது. செலிபிரிற்றி 2015 முடிவில் ஃபோர்மலைக் கைவிட்டு "ஈவினிங் சிக்" என்று மாற்றிக்கொண்டது. நோர்வீஜியனில் கட்டாயமான ஃபோர்மல் இரவே இல்லை. பெயர் எதுவானாலும் கேட்பது ஒன்றைத்தான்: உங்களிடம் உள்ளதில் நல்லதை உடுத்து வாருங்கள். எந்த இரவுக்கு எது என்று அறைக்கு வரும் நாளாந்த நிகழ்ச்சித் தாளிலோ, கம்பனியின் போன் செயலியிலோ போட்டிருப்பார்கள்.

கவுனுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பழக்கமில்லாத உடுப்பில் மூன்று மணித்தியாலம் கதிரையில் இருப்பது சாப்பாட்டின் ருசியையே கெடுத்துவிடும். ஒரு பட்டுச் சாறி, அதுவும் பாரமில்லாததாக. கூறைச்சாறியைக் கொண்டுபோகாதீர்கள், பெட்டியில் நிறை, மனதில் கவலை. இரண்டாவது விசேட இரவுக்கு ஜோர்ஜெற் அல்லது கிறேப் சாறி. மற்ற இரவுகளுக்கு இரண்டு மூன்று பஞ்சாபி உடுப்பு போதும், திருப்பித் திருப்பிப் போட்டால் ஒருவரும் கணக்கெடுக்க மாட்டார்கள்.

கஞ்சி போட்ட பருத்திச் சாறியை வீட்டில் விட்டுவிடுங்கள். காரணம், அயன் பெட்டியைக் கப்பலுக்குள் கொண்டுபோக முடியாது. தீப்பிடிக்கும் பயத்தால் ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். கார்னிவல், பிரின்செஸ், கியூனார்ட் கப்பல்கள் பலவற்றில் பயணிகளே தோய்த்து அயன் பண்ணும் அறைகள் உண்டு. ரோயல் கரீபியனில் அப்படி இல்லை, காசு கட்டிக் கொடுத்துத்தான் அயன் பண்ணலாம். அதனால் கசங்காத துணி நல்லது. பட்டை மெல்லிய பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். போன கையோடு எடுத்துக் கொளுவிவிட்டால் கசங்கல்கள் தானாக நீங்கிவிடும்.

இன்னும் மூன்று விஷயம். சாப்பாட்டு மண்டபத்தில் ஏசி கடுங்குளிர், ஒரு சால்வை கையில் இருக்கட்டும். முந்தானையை ஊசி குத்தி மடித்து விடுங்கள். ஒற்றையாக விட்டால் சூப்புக்குள் போய்விடும். குதி உயர்ந்த செருப்பு வேண்டாம், கப்பல் ஆடும்.

வவுனியா, ஓய்வுபெற்ற ஆசிரியர்: வேட்டி, சட்டை, சால்வையோடு போகலாமா? யாராவது தடுத்தால் அவமானமாகப் போய்விடும் என்று மனைவி பயப்படுகிறா.

போங்கள் ஐயா. இதை நான் மனமார்ந்து சொல்கிறேன். உடுப்பு விடயத்தில் கண்டிப்பானது என்று பெயரெடுத்த கியூனார்ட் கம்பனியே, காலா இரவுகளில் ஆண்கள் கறுப்புக் கோட்டுக்குப் பதிலாகத் தங்கள் தேசிய உடையின் விசேட வடிவத்தை அணியலாம் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஸ்கொட்லாந்துக்காரர் கில்ற் என்ற தங்கள் கட்டம் போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து வருவார். கரை வைத்த பட்டு வேட்டியும் முழுக்கைச் சட்டையும் சால்வையும் அதற்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. மற்றக் கம்பனிகளிலும் வேட்டி கட்டி வந்தவரை வாசலில் மறித்ததை நான் கண்டதில்லை.

ஆனால் நடைமுறையில் சில கவனங்கள் வேண்டும். ஒட்டு வேட்டி கட்டுங்கள், அதற்குமேல் ஒரு பெல்ற். சாப்பிட்டுவிட்டுத் திறந்த தளத்துக்குக் காற்று வாங்கப் போனால் அங்கே வீசும் காற்று முல்லைத்தீவுக் கடற்கரைக் காற்றுப்போல இருக்கும். உள்ளே ஒரு அரைக்காற்சட்டை இருந்தால் நிம்மதி. அறைக் கதவைத் திறப்பதும் குடிவகைக்குக் கணக்கு எழுதுவதும் ஒரே அட்டையால்தான்; வேட்டியில் பை இல்லை என்பதால் சட்டையில் பை இருக்க வேண்டும். மாடிப்படியை விட்டு லிஃப்ற்றில் போங்கள். கட்டி மடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வரக்கூடாது, அது வயலுக்குச் சரி. சாரத்தையும் அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு புதுச் சாரமானாலும் அது ஓய்வு உடுப்புத்தான்.

மாங்குளம், ஒரு தம்பி: ஜீன்ஸ், ரீசேர்ட், அரைக்காற்சட்டை?

கிழிசல் இல்லாத கடும்நிற ஜீன்ஸும் கொலர் வைத்த சேர்ட்டும் சாதாரண இரவுகளில் பெரும்பாலான கப்பல்களில் பிரச்சினையில்லை. விசேட இரவில் ஜீன்ஸை விடுங்கள். கையில்லாத பெனியன், நீச்சல் உடுப்பு, கிரிக்கெற் தொப்பி, பாட்டாச் செருப்பு இவற்றோடு பிரதான மண்டபத்துக்கு வரவேண்டாம்.

முள்ளியவளை, ஒரு ஐயா: மருமகன் லண்டனில். சவுத்ஹாம்ரனிலிருந்து நியூயோர்க்குக்கு குயின் மேரி 2 இல் போகப் போகிறோம். கோட் சூட் தைத்துக்கொண்டு வரச் சொல்கிறார். கடன்பட்டுத் தைக்க வேண்டுமா?

கடன் படவே வேண்டாம். ஆனால் இது கியூனார்ட் கப்பல், மற்றக் கப்பல்களைப் போல நினைக்கவும் வேண்டாம். குயின் மேரி 2 இல் காலா இரவு என்றால் உண்மையாகவே கறுப்புக் கோட்டும், வண்ணத்துப்பூச்சிபோல் கட்டும் "போ ரை"யும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆனாலும் கடும்நிற சூட்டும் ரையும் போதும் என்று விதி சொல்கிறது. மற்ற நாட்களிலும் மாலை ஆறு மணிக்குப் பிறகு அரைக்காற்சட்டையோ ரீசேர்ட்டோ இல்லாமல் ஒழுங்காக உடுக்க வேண்டும்.

உங்களுக்கு மூன்று வழி உண்டு. ஒன்று, மேலே வவுனியா ஐயாவுக்குச் சொன்ன வேட்டி சால்வை. இரண்டு, மருமகனின் கடும்நிறக் கோட்டை வாங்கிப் போட்டுப் பார்ப்பது. தோள்மூட்டு சரியாக இருந்தால் போதும், கை நீளத்தை எந்தத் தையற்காரரும் சரிசெய்வார். மூன்று, காலா இரவில் கோட் போட மனமில்லை என்றால் கிங்ஸ் கோர்ட் என்ற, நாமே எடுத்துச் சாப்பிடும் பஃபேயில் சாப்பிடுவது. அங்கே கோட் கேட்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் முதலாவது. மருமகனின் படத்தில் நீங்கள் நீங்களாகவே இருப்பீர்கள்.

ரோயல் கரீபியன், கார்னிவல் போன்ற கப்பல்களாக இருந்தால் கோட்டே தேவையில்லை. முழுக்கை சேர்ட், கறுப்புக் காற்சட்டை, சப்பாத்து. விரும்பினால் ஒரு ரை.

புதுக்குடியிருப்பு, ஒரு அண்ணை: எனக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். தோல் சப்பாத்துப் போட்டால் நடக்கக் கஷ்டம். செருப்பு, இல்லாவிட்டால் விளையாட்டுச் சப்பாத்துத்தான். விசேட இரவில் மண்டபத்துக்கு வரலாமா, இல்லை அறையிலேயே சாப்பிடுவது நல்லதா?

அண்ணை, அறையில் இருக்காதீர்கள். குடும்பத்தோடு மேசையில் இருந்து சாப்பிடத்தான் இந்தப் பயணம்.

பாதுகாப்பாக நடப்பதற்குத் தேவையான சப்பாத்தை எந்தக் கப்பலிலும் குறை சொல்ல மாட்டார்கள். தள்ளுநாற்காலியில், ஊன்றுகோலில், மருத்துவச் சப்பாத்தில் வருபவர்கள் ஒவ்வொரு இரவும் அந்த மண்டபத்தில் இருப்பார்கள். உங்களை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. கால் பாதத்துக்கு ஏற்றபடி கறுப்பு நிறத்தில், அடி வழுக்காத நடைச் சப்பாத்து ஒன்று வாங்கினால் அதுவே எல்லா இரவுக்கும் போதும். ஜெய்ப்பூர்க் கால் என்றால் செருப்பும் போடலாம். ஆனால் பின்பட்டி உள்ள செருப்பாக இருக்கட்டும், ஆடும் தளத்தில் பட்டியில்லாத செருப்பு கழன்றுவிடும். குதியின் உயரம் நீங்கள் வழமையாகப் போடுவதற்குச் சமமாக இருக்க வேண்டும். செயற்கைக் காலை அந்த உயரத்துக்குத்தான் சரிசெய்திருப்பார்கள். உயரம் மாறினால் இடுப்பு நோகும். புதுச் சப்பாத்தை ஊரிலேயே போட்டு நடந்து பழகிவிட்டுப் போங்கள்.

காற்சட்டை நேரான, கொஞ்சம் அகலமான வெட்டாக இருக்கட்டும். இறுகிய காற்சட்டை உட்காரும்போது மூட்டில் பிடிக்கும். வேட்டியும் நல்லதுதான், ஆனால் நுனி காலுக்குள் சிக்காதபடி கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும்.

இன்னொன்று. பயணத்துக்கு முன்பே உடல் தேவைகளை அறிவிக்கும் படிவம் ஒன்று எல்லாக் கம்பனிகளிலும் உண்டு, பிள்ளைகளை நிரப்பச் சொல்லுங்கள். ஏறிய நாளே மண்டபப் பொறுப்பாளரிடம் வாசலுக்குக் கிட்டவாக ஒரு மேசை கேளுங்கள். தருவார்கள். கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு, அறையையும் அங்கேயே எடுத்தால் நல்லது.

முல்லைத்தீவு, ஒரு அம்மா: அவர் போனபிறகு நான் கலர்ச் சாறி உடுப்பதில்லை, பொட்டும் இல்லை. கப்பலில் ஒரு இரவு எல்லாரும் வெள்ளை உடுக்கும் கொண்டாட்டமாம். கொண்டாட்டத்தில் நான் வெள்ளையில் போய் நிற்பது எனக்கு என்னவோபோல் இருக்கிறது.

உங்கள் மனம் எனக்கு விளங்குகிறது அம்மா. எம்.எஸ்.சி போன்ற சில கம்பனிகள் அப்படி ஒரு வெள்ளை இரவு வைப்பதுண்டு. அது ஆடலும் பாடலுமான ஒரு இரவு. அதில் சேருவது அவரவர் விருப்பம், வேறு நிறத்தில் வந்தாலும் சாப்பாடு உண்டு. அன்றைக்குச் சாம்பலோ இளநீலமோ உடுங்கள். வெள்ளையைத் தவிர வேறொன்றும் உங்களிடம் இல்லாவிட்டால் அப்படியே வாருங்கள். அங்கே வெள்ளை உடுத்தவர் எவரையும் பார்த்து இவர் என்ன இழந்தார் என்று ஒருவரும் யோசிக்க மாட்டார்கள். விசேட இரவுகளுக்கு மெல்லிய கரை போட்ட வெளிர்நிறச் சாறி முழுவதும் பொருத்தம். படம் பிடிப்பவர்கள் மேசைக்கு மேசை வருவார்கள். வேண்டாம் என்றால் கையசைத்தால் போதும்.

விசுவமடு, ஒரு தங்கச்சி: நகை? அடைவில் இருக்கும் சங்கிலியை மீட்கவேணுமா?

வேண்டாம். தாலிக்கொடி, ஒரு சோடித் தோடு, இரண்டு காப்பு. இதற்குமேல் போட்டாலும் அங்கே பார்த்துப் பெறுமதி சொல்ல ஆளில்லை. கழற்றுவதை அறையில் உள்ள சின்னப் பெட்டகத்தில் பூட்டுங்கள். விமானத்தில் போகும்போது நகையும் பட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

முசலி, ஒரு சகோதரி: அபாயாவும் தலைமறைப்பும்?

எந்தத் தடையும் இல்லை. தொப்பி கூடாது என்ற விதி விளையாட்டுத் தொப்பியைத்தான் சொல்கிறது. விசேட இரவுக்கு வேலைப்பாடு உள்ள அபாயா மிகப் பொருத்தம். ஹலால் சாப்பாடு வேண்டுமென்றால் ரிக்கற் போடும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.

துணுக்காய், ஒரு அக்கா: மகனுக்கு ஆமிக்காரரின் உடுப்புப் போன்ற பச்சைப் புள்ளிக் காற்சட்டைதான் பிடிக்கும். கரீபியன் போகிறோம். இரவில் போடலாமா?

அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள் அக்கா. பார்படோஸ், ஜமேக்கா, சென் லூசியா போன்ற நாடுகளில் பொதுமக்கள் அந்த வகைத் துணி அணிவது சட்டப்படி குற்றம், சின்னப் பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான். கப்பலுக்குள் போட்டுவிட்டு மறந்துபோய் அதோடு இறங்கிவிட்டால் சிக்கல்.

நெடுங்கேணி, ஒரு அக்கா: இவர் உடுப்பு மாற்றவே மாட்டேன் என்கிறார்.

பஃபேக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மேலே ஒரு சேர்ட்டும் காலில் ஏதாவதும் இருந்தால் சரி.

ஒருவரும் கேட்காத ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். ஏறும் நாளில் பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிவிடுவார்கள். அவை அறைக்கு வந்து சேரப் பின்னேரம் ஆகும், சில வேளை இரவுச் சாப்பாடே முடிந்துவிடும். அதனால்தான் முதல் இரவில் விசேட உடுப்புக் கேட்பதில்லை. அன்றைக்கு மாற்ற ஒரு பஞ்சாபி, ஒரு சேர்ட், மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும். கடைசி இரவு இதற்கு மறுபக்கம்: சாப்பிட்டு முடித்ததும் பெட்டிகளைக் கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், ஊழியர்கள் இரவோடிரவாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவசரத்தில் எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்துவிட்டு, விடிய இறங்குவதற்கு இரவுச் சோட்டியைத் தவிர வேறு உடுப்பில்லாமல் நின்ற அம்மாமாரை நான் கண்டிருக்கிறேன். ஒரு சோடி உடுப்பு, உள்ளுடுப்பு, செருப்பு, பாஸ்போர்ட் ஆகியவற்றை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் பிறகு பெட்டியைப் பூட்டுங்கள்.