கிளாரினெட்டின் கண்ணாடி மவுத்பீஸில் லிகேச்சர் வழுக்குகிறது, எதை வாங்கலாம்?

பாம்பன் பக்கம் சர்ச் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறீர்கள். எபோனைட் என்ற கெட்டி ரப்பர் மவுத்பீஸை விட்டு கிரிஸ்டலுக்கு, அதாவது கண்ணாடிக்கு, மாறியதும் பழைய நிக்கல் லிகேச்சர் (ரீடு எனும் நாணல் சீவலை மவுத்பீஸோடு இறுக்கும் வளையம்) சுற்றிச் சுற்றி வருகிறது என்கிறீர்கள். வரத்தான் செய்யும். எபோனைட்டில் உலோகத்துக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கும், வழவழப்பான கண்ணாடியில் அது இல்லை. இரண்டின் சுற்றளவும் சரிவும் ஒன்றாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. மேல் திருகு இறுகிவிடும், கீழ்ப்பக்கம் லொடலொடவென ஆடும். அதைச் சரிக்கட்டத் திருகை முறுக்கிக்கொண்டே போனால் ரீடு அமுங்கி, சத்தம் அடைத்துக்கொள்ளும்.

ரோவ்னர் மாதிரி ஒற்றைத் திருகு வைத்த துணி லிகேச்சரைத்தான் முதலில் சொல்வேன். சுற்றளவுக்கு ஏற்ப வளைந்து பிடிக்கும், கண்ணாடியில் கீறல் போடாது. உலோகம்தான் வேண்டுமென்றால் வாண்டோரன் ஆப்டிமம் நல்லது, ரீடை அழுத்தும் தகட்டை மூன்று விதமாக மாற்றிப் போடலாம். ஆனால் மவுத்பீஸைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தொனி மாறும் என்பதற்காக அதிகம் செலவழிக்காதீர்கள். அதில் ரீடுக்குத்தான் பெரும்பங்கு.

காசே இல்லாத வழி, ஜெர்மானியர்கள் கட்டுவதுபோல் நூல் கட்டுவது. 2 மி.மீ. பருமனுள்ள பின்னல் பருத்திக் கயிறு ஒன்றேகால் மீட்டர் போதும். மேலிருந்து, மவுத்பீஸின் அடியில் கார்க் சுற்றியிருக்கும் பக்கமாக நெருக்கமாகப் பத்துச் சுற்று, நுனியைக் கடைசிச் சுற்றுக்கு அடியில் செருகி இழுங்கள். தூண்டில் நரம்பு வேண்டாம், கண்ணாடியில் நிற்காது.

எதைப் போட்டாலும், ரீடின் சீவாத மேல்தோல் (பட்டை) முடிகிற இடத்துக்கு 2, 3 மி.மீ. கீழே லிகேச்சரின் மேல் விளிம்பு இருக்கட்டும். எபோனைட்டில் ரீடு நுனிக்கு மேலே மயிரிழை அளவு கறுப்புக் கோடு தெரியும், அதை வைத்து நேர் பார்ப்போம். கண்ணாடியில் அந்தக் கோடு இல்லை. கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்துப் பாருங்கள், நுனி தெளிவாகத் தெரியும்.

நம் கரையோர உப்புக் காற்றில் பித்தளைத் திருகில் பச்சைக் களிம்பு ஏறிச் சிக்கிக்கொள்ளும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். அவ்வப்போது மரையில் ஊசிமுனை அளவு கீ ஆயில் (கிளாரினெட்டின் சாவிகளுக்கு விடும் எண்ணெய்) விடலாம், ரீடில் படாமல்.

சுருதி சேர்க்க மவுத்பீஸை இழுக்கும்போது லிகேச்சரைப் பிடிக்காதீர்கள், கண்ணாடியையே பிடியுங்கள். இறுக்கத்துக்கு அளவு: ரீடின் அடியைக் கட்டைவிரலால் தள்ளினால் நகரக் கூடாது. அங்கேயே திருகை நிறுத்திவிடுங்கள். இரட்டைத் திருகு என்றால் மேல் திருகு கீழதைவிடச் சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும்.