நெல் பேடி, கோப பேடி: கேள்வி பதில்

மன்னார்குடி வாசகர்: கொள்முதல் நிலையப் பலகையில் நெல்லை ஆங்கிலத்தில் 'பேடி' என்கிறார்கள். ஆங்கில அகராதியில் அதற்குக் கோபம் என்றும் பொருள் போட்டிருக்கிறது. ஒரே சொல்லா?

எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. நெல்லைக் குறிப்பது மலாய் மொழியின் 'பாடி'. 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. கன்னடத்தில் நெல்லுக்குப் பெயரான 'பத்த'வும் அதற்குத் துணை நின்றிருக்கும் என்று 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி சொல்கிறது. அதைத் தொகுத்த இருவரில் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர்.

கோப பேடி, அயர்லாந்தில் பரவலான பேட்ரிக் என்ற பெயரின் சுருக்கம். அயர்லாந்துக்காரர்கள் முன்கோபிகள் என்ற ஏளனத்தில் பிறந்த பொருள் அது. பெயரே பேடி என்றால் சரி. மற்றபடி அயர்லாந்துக்காரர் யாரையும் அப்படிக் கூப்பிடாதீர்கள்.

வலங்கைமான் வாசகர்: 'பேடி பேர்ட்' எது?

நம்ம மடையான். வரப்போரம் கழுத்தைச் சுருக்கி மண் நிறத்தில் நிற்கும். பறந்தால்தான் வெள்ளைச் சிறகு பளிச்சென்று தெரியும். இது நெல் பேடி.

திருவாரூர் வாசகர்: ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல்லை எடுப்பார்களா?

இங்கே சொல் பற்றி மட்டும். வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள்.

கும்பகோணம் வாசகர்: 'ரைஸ்' நம் அரிசிதானே?

கால்டுவெல்லே அப்படி நினைத்தார். ஆனால் ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து வேர் சொல்லாதீர்கள். சொல் போன வழியைப் பாருங்கள். ரைஸ் பிரெஞ்சு, இத்தாலி, லத்தீன் வழியாகக் கிரேக்க 'ஒருசா'வில் போய் நிற்கிறது. கிரேக்கர் நெல்லை நேரில் அறிந்தது அலெக்சாந்தர் படையெடுப்பில், இந்தியாவின் வடமேற்கில். தண்ணீர் கட்டிய பாத்தியில் நிற்கும் பயிர் என்று கூடவே வந்த அரிஸ்டோபுலஸ் எழுதினார். அந்தப் பக்கத்துப் பஷ்தூ மொழியில் இன்றும் அரிசி 'வ்ரிஜே'; சமஸ்கிருதத்தில் 'வ்ரீஹி'. 'ஒருசா' அந்த வழியில் போயிருக்க வேண்டும்.

திருவையாறு வாசகர்: ஏன், பூம்புகாரிலிருந்து கப்பலில் போயிருக்கக் கூடாதா?

காலம் இடிக்கிறது. யவனக் கப்பல் வணிகம் இங்கே செழித்தது கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி. கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் இந்தச் சொல்லை எழுதியது அதற்குச் சுமார் 300 ஆண்டுகள் முன்பு. 'வ்ரீஹி'யே திராவிட வேரிலிருந்து போயிருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. வாதாடுவதானால் அங்கே வாதாடுங்கள், அதற்கு இடம் இருக்கிறது.

நாகப்பட்டினம் வாசகர்: அரிசி, ஒருசா, ஒலி அப்படியே இருக்கிறதே?

மேலே சொல்லிவிட்டேன். ஒலி போதாது.

மயிலாடுதுறை வாசகர்: அரிசிதான் ரைஸ் என்று பள்ளியில் படித்தோமே?

அதே கேள்வி, அதே பதில். ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்தது வேண்டுமென்றால் 'அனிகட்' இருக்கிறது. அணைக்கட்டுதான் அது, சந்தேகமே இல்லை. தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்று சொல்வதன் ஆங்கிலப் பெயரைப் பாருங்கள்: கிராண்ட் அனிகட் கெனால்.