ஜூலியனின் வாத்து (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

வணக்கம். கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். ரோமப் பேரரசின் பிற்காலம் பற்றி நீங்கள் போன மாதம் எழுதிய கட்டுரையில் கான்ஸ்டன்டைனுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிவிட்டு, ஜூலியனை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ‘இருபது மாதம் ஆண்டார், பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார், நடக்கவில்லை.’ அவ்வளவுதானா சார்?

எனக்கு அவர்மேல் ரொம்ப நாளாக ஒரு பிடிப்பு உண்டு. தன் குடும்பத்தையே அழித்த கிறிஸ்தவ மதத்தை உதறிவிட்டு, முன்னோர் வழிபாட்டை மீட்க ஒற்றை ஆளாக நின்றவர். இன்னொரு முப்பது வருடம் இருந்திருந்தால் உலக வரலாறே வேறு பக்கம் திரும்பியிருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். சாகும்போது தன் ரத்தத்தை அள்ளி வானத்தை நோக்கி வீசி, ‘கலிலேயனே, நீ ஜெயித்துவிட்டாய்’ என்றாரே, அதைச் சொல்லும்போது வகுப்பே அடங்கிவிடும்.

அவர் அவைக்கு இலங்கையிலிருந்து தூதர்கள் வந்ததாக எங்கோ படித்தேன். உண்மையா? கொஞ்சம் விரிவாக எழுதுங்கள். இன்றைய சூழலில் இப்படிப்பட்டவர்களைப் பேச வேண்டியது அவசியம் என்பது உங்களுக்கே தெரியும்.

அன்புடன்,
ச., கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வரியில் தாண்டியது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விரிவாக எழுதினால் உங்கள் ஜூலியன் உங்களுக்குக் கிடைப்பாரா என்பது சந்தேகம். எனக்கும் அவரைப் பிடிக்கும். பிடித்ததற்குக் காரணம்தான் வேறு.

முதலில் குடும்பக் கதை. 337இல் ஜூலியனின் பெரியப்பா, பேரரசர் கான்ஸ்டன்டைன் இறந்ததும் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு படுகொலை நடந்தது. ஜூலியனின் அப்பா, பெரியப்பா சித்தப்பா வகையறா, அண்ணன் ஒருவர், ஆறு பங்காளிகள் என்று எல்லாரையும் படைவீரர்கள் தீர்த்துக்கட்டினார்கள். ஜூலியனுக்கு அப்போது ஆறு வயது இருக்கலாம். அவரும் காலஸ் என்ற மாற்றாந்தாய் மகனான அண்ணனும் மட்டும் தப்பினார்கள். அதைச் செய்தது மதம் அல்ல. பங்கு கேட்க ஆள் இருக்கக்கூடாது என்ற பழைய அரண்மனைக் கணக்கு. ஜூலியனே பின்னால் ஏதென்ஸ்காரர்களுக்கு எழுதிய கடிதத்தில் பெரியப்பா மகனும் அடுத்துப் பேரரசர் ஆனவருமான கான்ஸ்டான்டியஸின் தலையில்தான் பழியைப் போடுகிறார். கொன்றவன் கிறிஸ்தவன் என்பது அவர் மனதில் ஆறாத புண்ணாக இருந்திருக்கும், அது வேறு விஷயம்.

அப்புறம் கப்படோசியாவில் மக்கெல்லம் என்ற அரசுப் பண்ணையில் ஆறு வருடம். சிறை இல்லை, ஆனால் வெளியே போக முடியாது. அங்கே துணை புத்தகங்கள்தான். ஜார்ஜ் என்ற பாதிரியார் தன் நூலகத்திலிருந்து படித்துப் பிரதி எடுத்துக்கொள்ளக் கொடுத்தார். அந்த ஜார்ஜ் பின்னால் அலெக்சாந்திரியாவின் ஆயர் ஆகி, 361 டிசம்பரில் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். அப்போது பேரரசராக இருந்த ஜூலியன் எகிப்து ஆளுநருக்கு ஒரு கடிதம் எழுதினார். சிலருக்குக் குதிரைமேல் பைத்தியம், சிலருக்குப் பறவை, சிலருக்குக் காட்டு விலங்கு. எனக்குச் சின்ன வயதிலிருந்தே புத்தகம் என்று தொடங்குகிறது. ஜார்ஜின் நூலகம் முழுவதையும் தேடி எடுக்க வேண்டும். அவருடைய எழுத்தர் நாணயமாகத் தேடித் தந்தால் விடுதலை, தில்லுமுல்லு செய்தால் சித்திரவதை. கலிலேயர் நூல்களை அடியோடு அழிக்கத்தான் ஆசை, ஆனால் அந்தச் சாக்கில் நல்ல நூல்களும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, எனவே எல்லாவற்றையும் தேடுங்கள் என்கிறார். (கிறிஸ்தவர்களை அவர் கலிலேயர் என்றுதான் எழுதுவார். ஏதோ ஒரு மூலையிலிருந்து வந்த கூட்டம் என்ற இளக்காரம் அதில் இருக்கிறது.)

மொத்த ஜூலியனும் இந்தக் கடிதத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றும். தெய்வங்கள் அவருக்கு ஊரிலிருந்து வரவில்லை. ஞானஸ்நானம் பெற்று, தேவாலயத்தில் வேதம் வாசித்து வளர்ந்த பையன் அவர். ஹோமரைக் கற்பித்தது மார்டோனியஸ் என்ற அரண்மனை அலி. இருபது வயதில் எபேசுவின் மாக்சிமஸ் என்ற தத்துவவாதியிடம் போய் ரகசியமாக மனம் மாறினார், அதற்கப்புறம் பத்து வருடம் வெளியே கிறிஸ்தவராக நடித்தார். பாட்டியோடு கோயிலுக்குப் போன நினைவு ஒன்றுகூட இல்லாதவர் முன்னோர் வழிபாட்டை மீட்கக் கிளம்பினார். மீட்பதற்கு அவர் கையில் இருந்தது ஏடு மட்டும்.

நல்ல நிர்வாகி என்பதில் சந்தேகமே இல்லை. 355இல் கான்ஸ்டான்டியஸ் வேறு ஆள் இல்லாமல் அவரை இளைய சீசராக்கி காலுக்கு, அதாவது இன்றைய பிரான்சுக்கு, அனுப்பினார். புத்தகப் புழு அங்கே தளபதி ஆனது. 357இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் 13,000 பேரை வைத்துக்கொண்டு அலமன்னியர் என்ற ஜெர்மானியக் கூட்டத்தின் பெரும்படையை முறியடித்தார். அவர் போனபோது தலைக்கட்டுக்கு 25 பொற்காசாக இருந்த வரி, அவர் கிளம்பும்போது 7. 360இல் பாரிசில் வீரர்கள் அவரைக் கேடயத்தின்மேல் தூக்கிப் பேரரசர் என்று கூவியபோது சூட்ட மகுடம் இல்லை. மனைவியின் நகையைக் கேட்டார்கள், அபசகுனம் என்றார். குதிரையின் நெற்றிப்பட்டம் என்றார்கள், சீச்சீ என்றார். கடைசியில் ஒரு கொடிவீரன் தன் கழுத்து வளையத்தைக் கழற்றி அவர் தலையில் வைத்தான்.

உள்நாட்டுப் போர் வெடிக்க வேண்டிய நேரத்தில், 361 நவம்பரில், கான்ஸ்டான்டியஸ் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். தலைநகருக்கு வந்த ஜூலியன் முடிவெட்ட ஆள் கூப்பிட்டார். பட்டும் பகட்டுமாக ஒருவர் வந்து நின்றார். “நான் நாவிதரைத்தானே கூப்பிட்டேன், நிதி அதிகாரியை இல்லையே” என்றார் ஜூலியன். உனக்கு என்ன கிடைக்கிறது என்று விசாரித்தால், தினம் இருபது பேருக்கான ரொட்டி, அதே எண்ணிக்கையில் கால்நடைகளுக்குத் தீவனம், வருடச் சம்பளம் தனி, இனாம் தனி. அரண்மனையில் அந்த வகை ஆட்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இனி நான் சொல்ல வந்த வாத்து.

362 ஆகஸ்ட். பாரசீகப் படையெடுப்புக்காக ஜூலியன் அந்தியோக்கியாவில் தங்கியிருக்கிறார். ஊருக்கு வெளியே தாப்னே என்ற சோலையில் அப்பல்லோவின் புகழ்பெற்ற கோயில். அந்த மாதம் திருவிழா. ஜூலியன் அவசர அவசரமாகப் போகிறார். வழியெல்லாம் கனவு. ஊர்வலம் வரும், பலிக்கடாக்கள் வரும், தூபம் கமழும், வெள்ளுடை அணிந்த இளைஞர்கள் கோயிலைச் சுற்றி நிற்பார்கள். உள்ளே நுழைந்தால் தூபம் இல்லை, ஒரு பணியாரம்கூட இல்லை. சரி, எல்லாரும் வெளியே காத்திருக்கிறார்கள், தலைமைப் பூசகரான நான் சைகை காட்ட வேண்டும்போல என்று நினைத்துக்கொள்கிறார். பிறகு பூசாரியிடம், நகரம் இன்றைக்கு என்ன பலி கொடுக்கப்போகிறது என்று கேட்கிறார். பூசாரி சொல்கிறார்: நகரம் ஒன்றும் ஏற்பாடு செய்யவில்லை, நான் என் வீட்டிலிருந்து ஒரு வாத்து கொண்டுவந்திருக்கிறேன்.

இதை எதிரி யாரும் எழுதவில்லை. ஜூலியனே எழுதியிருக்கிறார். எனக்கு அந்தப் பூசாரியையும் மறக்க முடியவில்லை. பேரரசர் வருகிறார், கையில் வாத்து, வேறு என்ன செய்வார் மனிதர்? தேர் இருந்தால் போதுமா, இழுக்க ஊர் வேண்டாமா? அந்தியோக்கியாவில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். மிச்சமிருந்தவர்களுக்கும் திருவிழா என்றால் கூத்து, குதிரைப்பந்தயம், விருந்து. ஜூலியனுக்கோ கூத்து ஆகாது, பந்தயம் ஆகாது. ஆனால் மாடுகளை நூறு நூறாகப் பலியிட்டார். வீரர்கள் கறி தின்று குடித்து மயங்கி, தெருவில் போகிறவர்கள் தோளில் ஏறிப் படைவீட்டுக்குப் போனார்கள். பலியிடுபவன் என்பதே அவருக்குப் பட்டப்பெயர் ஆயிற்று. அவரை மதித்த வரலாற்றாசிரியர் அம்மியானஸே, இவர் பாரசீகத்திலிருந்து திரும்பியிருந்தால் மாடுகளுக்குப் பஞ்சம் வந்திருக்கும் என்கிறார்.

வாத்து அவருக்கு ஒன்றை உணர்த்தியது என்றே நினைக்கிறேன். அதே வீச்சில் அந்தியோக்கியாக்காரர்களைத் திட்டும்போது சொல்கிறார்: உங்கள் மனைவிமார் வீட்டில் இருப்பதையெல்லாம் கலிலேயர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள், அவர்கள் ஏழைகளுக்குச் சோறு போடுகிறார்கள், மக்கள் அவர்கள் பக்கம் போகிறார்கள். கலாத்தியாவின் தலைமைப் பூசகர் அர்சாசியஸுக்கு எழுதியதாக நமக்குக் கிடைத்திருக்கும் கடிதத்தில் ஒரு திட்டமே இருக்கிறது. ஊர்தோறும் சத்திரம் கட்டு. வருடத்துக்கு 30,000 மோடியஸ் கோதுமையும் (ஒரு மோடியஸ் ஏறக்குறைய 9 லிட்டர்) 60,000 அளவு திராட்சை மதுவும் ஒதுக்கியிருக்கிறேன். ஐந்தில் ஒரு பங்கு பூசாரிகளுக்குத் தொண்டு செய்யும் ஏழைகளுக்கு, மிச்சம் வழிப்போக்கர்களுக்கும் பிச்சைக்காரர்களுக்கும். பூசாரிகள் நாடகக் கொட்டகைக்குப் போகக்கூடாது, மதுக்கடையில் உட்காரக்கூடாது. யூதர்களில் பிச்சையெடுப்பவர் இல்லை, கலிலேயர் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நமக்கு வெட்கமாக இல்லையா?

படித்தால் ஒரு ஆயர் தன் பங்குக் குருக்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை மாதிரி இல்லை? பழைய ரோமப் பூசாரி ஊர்ப் பெரிய மனிதர், சடங்கை முறையாகச் செய்தால் போதும். ஒழுக்கம் போதிப்பதும் கஞ்சி ஊற்றுவதும் அவர் வேலையாக இருந்ததில்லை. ஜூலியன் மீட்கவில்லை, புதிதாகக் கட்டினார், கட்டியது திருச்சபையின் அச்சில். இதெல்லாம் நம்முடைய பழைய வழக்கம்தான் என்று நிறுவ அவர் காட்டும் சாட்சி எது? ஒடிசியில் பன்றி மேய்க்கும் யூமேயஸ் சொல்லும் வரி, விருந்தினரும் பிச்சைக்காரரும் சியுஸ் அனுப்பியவர்கள் என்பது. மறுபடியும் புத்தகம்!

முப்பது வருடம் என்ற கணக்கை நான் ஏற்காதது இதனால்தான். அவர் இறந்த மறுநாள் படைத்தலைவர்கள் பட்டத்தை நீட்டியது சலூட்டியஸ் என்ற பழைய மதத்தவரிடம். வயதாகிவிட்டது என்று அவர் மறுத்த பிறகுதான் கிறிஸ்தவரான ஜோவியன் வந்தார். பழைய வழிபாடு அன்று செத்துவிடவில்லை, பலியை முழுக்கத் தடை செய்யும் தியடோசியஸின் கடுமையான சட்டங்கள் 391–392இல் வந்தன. அதுவரை ஊர்ப்பக்கம் அது தன் போக்கில் இருந்தது. ஜூலியனின் மதம் அதுவல்ல. அது ஜூலியனிடம் மட்டும் இருந்த மதம்.

நீங்கள் ஆசிரியர், உங்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும். 362இல் கிறிஸ்தவர்கள் பழைய இலக்கியங்களைக் கற்பிக்கக்கூடாது என்று ஜூலியன் ஒரு சட்டம் போட்டார். ஹோமரின் தெய்வங்களை நம்பாதவன் ஹோமரைக் கற்பிப்பது நேர்மையில்லை, தேவாலயத்துக்குப் போய் மத்தேயுவையும் லூக்காவையும் சொல்லிக்கொடுக்கட்டும் என்று விளக்கம் வேறு. ரோமில் மாரியஸ் விக்டோரினஸ் என்ற ஆசிரியர் பள்ளியை விட்டார். ஏதென்ஸில் புரோஹெரேசியஸ் ஜூலியனுக்கே ஆசிரியர், அவருக்கு மட்டும் விலக்கு தருவதாகச் சொல்லியும் அவர் வேண்டாம் என்று எழுந்துபோனார். இந்தச் சட்டத்தை என்றென்றும் மௌனத்தில் புதைக்க வேண்டும் என்று அம்மியானஸ் எழுதினார். அவர் கிறிஸ்தவர் இல்லை, ஜூலியனின் படையிலேயே இருந்தவர். இன்றைய சூழலில் பேச வேண்டும் என்றீர்கள். பேசுவதென்றால் இந்த இடத்திலிருந்து பேசலாம்.

அப்படியானால் எனக்கு ஏன் பிடிக்கும்? தாடிக்காக.

அந்தியோக்கியாவில் பஞ்சம். ஜூலியன் வெளியூரிலிருந்து 4,00,000 மோடியஸ் தானியம் வரவழைத்து, ஒரு காசுக்கு 10 அளவு விற்றதை 15 ஆக்கினார். என்ன ஆகும் என்று எந்த மளிகைக்கடைக்காரரும் சொல்லிவிடுவார். பணக்காரர்கள் பதுக்கிக் கிராமத்தில் கூடுதல் விலைக்கு விற்றார்கள், கிராமத்து ஜனம் ரொட்டி வாங்க நகரத்துக்கு வந்தது. ஊர் அவரைப் பாட்டுக்கட்டிக் கேலி செய்தது. அந்தத் தாடியைக் கத்தரித்துக் கயிறு திரிக்கலாம் என்றார்கள். வேறொரு பேரரசர் என்றால் தலைகள் உருண்டிருக்கும். இவர் உட்கார்ந்து ஒரு அங்கதம் எழுதினார். தலைப்பு ‘தாடி வெறுப்பவன்’. திட்டுவது தன்னைத்தானே. என் தாடிக்குள் பேன்கள் புதருக்குள் மிருகம்போல ஓடுகின்றன, ரொட்டியோடு முடியையும் விழுங்கிவிடுவேனோ என்று வாயைத் திறந்து சாப்பிட முடியவில்லை, கயிறு திரிக்க வேண்டுமா, வாருங்கள் தருகிறேன், பிடுங்கும்போது உங்கள் மெத்தென்ற கைகள் நோகாமல் இருந்தால் சரி. இதை அரண்மனைக்கு வெளியே எல்லாரும் படிக்கும்படி ஒட்டவைத்தார் என்கிறது அந்த ஊர்ப் பழைய வரலாறு. வாத்துக் கதையும் இதில்தான் வருகிறது. நகைச்சுவையில் கோபம் கொப்பளிக்கிறது, சில இடங்களில் அழுகையும்.

இலங்கைத் தூதர்கள். ஆமாம், அம்மியானஸ் சொல்கிறார். 362 வாக்கில் திவி, செரெந்திவி வரையிலுள்ள இந்திய நாட்டார் போட்டி போட்டுக்கொண்டு பரிசுகளோடு பெரியமனிதர்களை அனுப்பினார்கள் என்று ஒரு வரி. செரெந்திவி இலங்கை என்று பொதுவாகக் கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பத்தியே உலகத்தின் நான்கு மூலையும் இவரை வணங்கியது என்று அடுக்கும் புகழ்ச்சிப் பத்தி. தூதர் பெயர் இல்லை, என்ன பேசினார்கள் என்பது இல்லை. வியாபாரத் தொடர்பு இருந்தது நிச்சயம், 4, 5ஆம் நூற்றாண்டு ரோமச் செப்புக்காசுகள் இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன, மதுரை, கரூர்ப் பக்கமும் கிடைத்திருக்கின்றன. அதற்குமேல் கதை கட்ட வேண்டாம்.

கடைசியாக அந்த ரத்தக் காட்சி. அது தியோடோரெட் என்ற ஆயர் ஏறக்குறைய எண்பது வருடம் கழித்து எழுதியது. வகுப்பு அடங்குவதற்கு அது தேவையில்லை, அம்மியானஸ் எழுதியதே போதும்.

363 மார்ச்சில் கிளம்பிய படை பாரசீகத் தலைநகர் டெசிபோனின் மதில்வரை போய், முற்றுகையிட வழியில்லாமல், சொந்தக் கப்பல்களையே எரித்துவிட்டு டைகிரிஸ் ஓரமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஜூன் 26, இன்றைய ஈராக்கின் சமாராவுக்குப் பக்கத்தில் எங்கோ. பின்வரிசை தாக்கப்படுகிறது என்று கேட்டு, மார்புக்கவசம் மாட்டாமல் கேடயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினார். ஒரு ஈட்டி விலாவைத் துளைத்து ஈரலில் நின்றது. அதைப் பிடித்து இழுக்கப் போய் விரல்கள் வெட்டுப்பட்டன.

கூடாரத்தில் கிடத்தினார்கள். வலி சற்று அடங்கியதும் குதிரையும் ஆயுதமும் கேட்டார். இந்த இடத்துக்கு என்ன பேர் என்று கேட்டார். பிரிஜியா என்றார்கள். தான் பிரிஜியாவில் சாவோம் என்று முன்பே ஒரு குறி கேட்டிருந்தாராம், அதோடு நம்பிக்கையை விட்டுவிட்டார். சுற்றி நின்றவர்கள் அழுதபோது அதட்டினார். அனத்தோலியஸ் எங்கே என்று கேட்டார். அவர் கரையேறிவிட்டார் என்றார் சலூட்டியஸ். தன் சாவுக்குக் கலங்காதவர் நண்பருக்காகக் கலங்கினார். பிறகு மாக்சிமஸோடும் பிரிஸ்கஸ் என்ற இன்னொரு தத்துவவாதியோடும் ஆன்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். காயம் மறுபடி பிளந்தது, மூச்சு திணறியது. நள்ளிரவில் குளிர்ந்த தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அதன்பின் சிரமமில்லாமல் உயிர் போயிற்று என்று எழுதுகிறார் அம்மியானஸ்.