வயதான கார்னர்பேக்குகளை ஒரே ஆஃப் சீசனில் மாற்ற முடியுமா?

கேள்வி: ஒரு என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணியின் கார்னர்பேக்குகளுக்கு வயதாகிவிட்டது. அடுத்த சீசனுக்குள் அந்த இடத்தை எப்படிச் சரிசெய்வது? பணத்தைக் கொட்டிப் பெரிய ஆளை வாங்குவதா, டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) பையன்களை எடுப்பதா?

பிலடெல்ஃபியாவிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் பதினைந்து வருடமாகக் குடியிருக்கிறேன். அந்த ஊர் அணியான ஈகிள்ஸின் ஆட்டம் பார்க்காத ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அபூர்வம். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே அணியை வைத்துத்தான் சொல்லப்போகிறேன். நல்லவேளையாக, நீங்கள் கேட்ட இதே வேலையை அந்த அணி 2024ல் செய்து காட்டியது. அதற்கு முன்னால் இரண்டு முறை அதே வேலையில் கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறது.

என் பதில்: டிராஃப்டில் எடுங்கள், ஒருவரல்ல, இருவராக எடுங்கள், பழைய ஆட்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கும்போதே எடுங்கள்.

இந்த ஆட்டம் புதிதாக இருப்பவர்களுக்காக ஒரு வரி. எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுகிற ரிசீவரை மைதானத்தின் ஓரத்தில் தனியாக நின்று மறிப்பவர் கார்னர்பேக். கபடியில் கார்னர் நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். ரெய்டர் எந்தப் பக்கம் பாய்வார் என்பது ரெய்டருக்கு மட்டும்தான் தெரியும், கார்னர் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நகர வேண்டும். இதிலும் அப்படித்தான். ரிசீவருக்குத் தன் பாதை தெரியும். கார்னர்பேக் பின்னோக்கி ஓடிக்கொண்டே அதைக் கணிக்க வேண்டும். இடுப்பைத் திருப்பக் கால் நொடி கூடுதலாக எடுத்தால் போதும், எதிரணிக்கு ஒரு டச்டவுன், ஆறு புள்ளி போய்விடும். முப்பது வயதைத் தாண்டிய கார்னர்பேக்கிடம் முதலில் குறைவது அந்தக் கால் நொடிதான்.

அதை நாங்கள் 2023 சீசனில் கண்கூடாகப் பார்த்தோம். அதற்கு முந்தைய சீசனில் ஈகிள்ஸ் சூப்பர் பௌல் (லீக்கின் இறுதிப்போட்டி) வரை போய், கன்சஸ் சிட்டியிடம் 38-35 என்று தோற்றது. அந்த அணியின் இரண்டு ஓரங்களிலும் டேரியஸ் ஸ்லேயும் ஜேம்ஸ் பிராட்பெரியும் நின்றார்கள். இருவருமே அந்த வருடம் அருமையாக ஆடினார்கள். அதனால் 2023 மார்ச்சில் ஸ்லேக்கு ஒப்பந்தத்தை நீட்டித்து, பிராட்பெரிக்கு மூன்று வருடத்துக்கு 3.8 கோடி டாலர் என்று புது ஒப்பந்தமும் போட்டார்கள். அன்றைக்கு நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தப் பணம் முடிந்துபோன ஆட்டத்துக்கான கூலி. வரப்போகிற வருடத்தில் அவர்கள் கால் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த சீசன் 10-1 என்று பிரமாதமாகத் தொடங்கியது. அப்புறம் கடைசி ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. ஸ்லேக்கு டிசம்பரில் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. உள்பக்கம் ஆடும் அவான்டே மேடக்ஸ் சீசன் ஆரம்பத்திலேயே காயப்பட்டிருந்தார். எதிரணி எறியும் பாஸைத் தடுப்பதில் 32 அணிகளில் 31வது இடம். ஜனவரி 15, திங்கள் இரவு, டாம்பாவில் 32-9 என்று உதை வாங்கினோம். டாம்பாவின் இரண்டு டச்டவுன்கள் 44 யார்டும் 56 யார்டும். இரண்டிலுமே பந்தைப் பிடித்த பிறகுதான் பெரும் ஓட்டம், மறிக்க வேண்டியவர்களின் கை வழுக்கிக்கொண்டே போனது. மறுநாள் காலையில் வேலைக்குப் போகவே மனமில்லை.

சரி, அடுத்த மூன்று மாதத்தில் என்ன செய்தார்கள்?

முதலில் வந்தது ஆளல்ல, திட்டம். ஜனவரி கடைசியில் டிஃபென்ஸ் பொறுப்பை விக் ஃபேன்ஜியோவிடம் கொடுத்தார்கள். இந்த வரிசை முக்கியம். எந்த முறையில் ஆடப்போகிறோம் என்று தெரியாமல் கார்னர்பேக்கைத் தேர்ந்தெடுப்பது, வீட்டு வாசலை அளக்காமல் கதவு வாங்கி வருவது மாதிரி. ஃபேன்ஜியோவின் முறையில் பின்னால் இரண்டு சேஃப்டிகள் (கடைசிக் காவலர்கள்) ஆழமாக நிற்பார்கள். கார்னர்பேக் பெரும்பாலும் சோனில், அதாவது ஆளைத் துரத்தாமல் தன் பகுதியைக் காத்து நின்று, ரிசீவரையும் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கையும் ஒரே பார்வையில் வைத்திருப்பார். அதற்கு வேகம் வேண்டும், அதைவிட முன்யோசனை வேண்டும், ஓடி வருபவரை ஒற்றை ஆளாகக் கீழே தள்ளத் தெரிய வேண்டும்.

மார்ச்சில் ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களை வாங்கும் காலம்) திறந்தபோது கார்னர்பேக் இடத்துக்கு அவர்கள் பெரிய காசை எடுக்கவே இல்லை. சேஃப்டி இடத்துக்கு சி.ஜே. கார்ட்னர் ஜான்சனைத் திரும்பக் கூட்டி வந்தார்கள், அவ்வளவுதான். அப்போது ஊரே திட்டியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. காரணம், காசு கொடுத்து வாங்கிய கார்னர்பேக்குகளின் கதை இந்த ஊரில் எப்படி முடிந்தது என்று பார்த்தவன் நான்.

2011ல் நம்டி அசமுவாவை ஐந்து வருடத்துக்கு 6 கோடி டாலர் என்று வாங்கினார்கள். ஓக்லாந்தில் ஒரே ஓரத்தில் நின்று, எதிரில் வருகிறவரை ஒட்டிக்கொண்டே மறித்து நாட்டிலேயே சிறந்தவர் என்று பேர் எடுத்தவர். இங்கே அவருக்குக் கொடுத்த வேலையே வேறாக இருந்தது. இரண்டே சீசனில் அனுப்பிவிட்டார்கள். 2015ல் சியாட்டிலிலிருந்து பைரன் மேக்ஸ்வெல், ஆறு வருடத்துக்கு 6.3 கோடி. அங்கே அவருக்கு எதிர் ஓரத்தில் ரிச்சர்ட் ஷெர்மன், பின்னால் எர்ல் தாமஸ். இங்கே அப்படி யாரும் இல்லை. முதல் ஆட்டத்திலேயே அட்லாண்டாவின் ஹூலியோ ஜோன்ஸ் அவரைப் படுத்திய பாட்டை இன்னும் மறக்கவில்லை. ஒரே வருடத்தில் மயாமிக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பேருமே மோசமான ஆட்டக்காரர்கள் அல்ல. அவர்களை உயர்த்திக் காட்டிய அமைப்பை அங்கேயே விட்டுவிட்டு ஆளை மட்டும் தூக்கி வந்தோம்.

விலையையும் பாருங்கள். 2025ல் ஹூஸ்டன் டெரக் ஸ்டிங்லிக்கு வருடத்துக்கு 3 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. 2024ல் ஒரு அணி மொத்த ஆட்டக்காரர்களுக்கும் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பே 25.54 கோடிதான். முதல் சுற்றின் பின்பாதியில் எடுக்கும் பையனுக்கோ நான்கு வருடத்துக்கும் சேர்த்துச் சுமார் 1.5 கோடி.

அந்த ஏப்ரலில் அதிர்ஷ்டமும் கைகொடுத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2024 டிராஃப்டில் முதல் 14 தேர்வுகளும் அட்டாக் ஆடுபவர்களுக்கே போயின. 15வதாகத்தான் முதல் டிஃபென்ஸ் ஆட்டக்காரர் பேர் வந்தது. 22வது இடத்தில் ஈகிள்ஸ் முறை வந்தபோது ஒரு கார்னர்பேக்கைக்கூட யாரும் எடுத்திருக்கவில்லை! பொது மேலாளர் ஹோவி ரோஸ்மன் அங்கேயே டொலீடோ பல்கலைக்கழகத்தின் குயின்யான் மிட்செலை எடுத்தார். 40 யார்டை 4.33 நொடியில் ஓடியவர். 2022ல் ஒரே கல்லூரி ஆட்டத்தில் நான்கு இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது) எடுத்து, அதில் இரண்டை டச்டவுனாக்கியவர். சின்னக் கல்லூரி ஆட்டம்தானே என்று சிலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை, டிராஃப்டுக்கு முன் நடக்கும் சீனியர் பௌல் பயிற்சியில், பெரிய கல்லூரி ரிசீவர்களுக்கு எதிரே நின்று அவர் போக்கிவிட்டார்.

மறுநாள்தான் எனக்குப் பிடித்த முடிவு. முதல் சுற்றிலேயே ஒரு கார்னர்பேக் எடுத்தாகிவிட்டது, வேறு இடங்களைப் பார்ப்போம் என்று பெரும்பாலான அணிகள் நகர்ந்துவிடும். இவர்கள் 50வது இடத்திலிருந்து 40க்கு மேலே ஏறி, ஐயோவாவின் கூப்பர் டிஜீனை எடுத்தார்கள். முந்தைய நவம்பரில் காலெலும்பு முறிந்திருந்ததால்தான் அவர் அவ்வளவு தூரம் கீழே வந்தார். இது துணிச்சலான ஆட்டம். 2017ல் இதே அணி, குதிகால் தசைநார் அறுந்திருந்த சிட்னி ஜோன்ஸை இரண்டாம் சுற்றில் எடுத்து, அவர் கடைசிவரை தேறவே இல்லை. அந்தச் சூடு பட்ட பிறகும் இவர்கள் பயந்து விலகவில்லை.

இருவரையும் எங்கே நிறுத்துவது என்பது கோடைக்கால வேலை. மிட்செலை உள்பக்கத்தில், அதாவது ஸ்லாட்டில்கூட ஆடவைத்துப் பார்த்து, கடைசியில் வெளிஓரத்தில் நிறுத்தினார்கள். டிஜீனுக்குப் பயிற்சி முகாமில் தொடைத்தசை இழுத்துக்கொண்டது. அதனால் முதல் நான்கு ஆட்டத்துக்கு மேடக்ஸ்தான் ஸ்லாட். அணி 2-2. ஓய்வு வாரம் முடிந்து கிளீவ்லாந்துக்கு எதிராக டிஜீன் இறங்கினார். அங்கிருந்து தொடர்ந்து பத்து வெற்றி. மொத்தப் பெருமையையும் அவருக்கே கொடுக்க முடியாது, பந்தைச் சுமந்து சேக்வான் பார்க்லி ஓடிய ஓட்டம் அப்படி. ஆனால் டிஃபென்ஸின் நடு இறுகியது அன்றைக்குத்தான்.

டிசம்பர் 1, பால்டிமோர் ஆட்டத்தில் ஒரு காட்சி. டெரிக் ஹென்றி பந்தோடு வெளிப்பக்கம் திரும்புகிறார். 110 கிலோவுக்கு மேல் எடையுள்ள மனிதர், பெரிய டிஃபெண்டர்களே ஒதுங்கும் ஆள். எதிரில் தனியாக டிஜீன், 92 கிலோ. காலில் விழுந்து தடுப்பார் என்று நினைத்தேன். நேராகப் போய் உடம்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்து, ஹென்றியைப் பின்பக்கமாகச் சாய்த்துத் தரையில் போட்டார். சோபாவில் இருந்த என் மகன் எழுந்து நின்றுவிட்டான். ஸ்லாட்டில் நிற்பவருக்கு மறிக்க மட்டும் தெரிந்தால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான். இன்றைய ஆட்டத்தில் பாதிக்கு மேல் ஐந்து டிஃபென்சிவ் பேக்குகளோடுதான் (கார்னர்பேக், சேஃப்டி எல்லாம் சேர்த்து) ஆடுகிறார்கள். ஸ்லாட் கார்னர் என்பது உபரி ஆள் அல்ல, முழுநேர வேலை. பல அணிகள் இன்னும் அந்த இடத்துக்கு மிச்சம் மீதியை வைத்து ஒப்பேற்றுகின்றன.

ஸ்லே என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவரை அனுப்பவில்லை. அதுதான் இந்தத் திட்டத்தின் இன்னொரு பாதி. 33 வயதில் அவர் மறு ஓரத்தில் நின்றார், பையன்களுக்குப் பக்கத்திலேயே நின்று சொல்லிக் கொடுத்தார். ஒரு வாரம் அவருக்கு உடம்பு முடியாவிட்டால் ஐசேயா ராஜர்ஸ் இறங்கினார். சூதாட்ட விதிமீறலுக்காக 2023 முழுக்கத் தடையில் இருந்தவரை, அந்தத் தடைக்காலத்திலேயே குறைந்த விலைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். பிராட்பெரியை சேஃப்டியாக மாற்றிப் பார்த்தார்கள், அவர் காயத்தில் சீசன் முழுக்க ஆடவில்லை.

பழைய ஆட்கள் இருக்கும்போதே புதியவர்களை வளர்ப்பது இந்த அணிக்குப் புதிதும் இல்லை. 2002ல் டிராய் வின்சென்டும் பாபி டெய்லரும் நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோதே முதல் சுற்றில் லிட்டோ ஷெப்பர்டையும் இரண்டாம் சுற்றில் ஷெல்டன் பிரவுனையும் எடுத்தார்கள். 2004ல் பெரியவர்கள் இருவரும் போனபோது இவர்கள் அப்படியே இடத்தை எடுத்துக்கொண்டார்கள், அந்த சீசன் சூப்பர் பௌல் வரை போனது. அதற்கப்புறம் மிட்செல் வரை 22 வருடம் முதல் சுற்றில் ஒரு கார்னர்பேக்கைக்கூட எடுக்கவில்லை. நடுவில் வந்தவைதான் மேலே சொன்ன அந்த 6 கோடி, 6.3 கோடிக் கதைகள்.

2024 சீசனில் பாஸைத் தடுப்பதில் 31வது இடத்திலிருந்த அணி முதலிடத்துக்கு வந்தது. மிட்செல் சீசன் முழுக்க ஒரு இன்டர்செப்ஷன்கூட எடுக்கவில்லை. அதைப் பார்த்து அவரை எடைபோட்டவர்கள் ஏமாந்தார்கள், ஏனென்றால் அவர் பக்கம் ரிசீவர் காலியாக நின்றது குறைவு. முதல் இன்டர்செப்ஷன் கிரீன் பேவுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் வந்தது.

அப்புறம் 2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பௌல், எதிரே மறுபடியும் கன்சஸ் சிட்டி. 10-0 முன்னிலை. இரண்டு முறை அடுத்தடுத்துப் பிடிபட்ட அவர்கள் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் மூன்றாவது முயற்சியில் வலப்பக்கம் ஓடிக்கொண்டே நடுப்பக்கம் எறிந்தார். டிஜீன் எந்த ரிசீவரையும் துரத்தவில்லை, மஹோம்ஸின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றவர் குறுக்கே பாய்ந்து பந்தைப் பிடித்து 38 யார்டு ஓடி முடித்தார். அன்றைக்கு அவருக்கு 22வது பிறந்தநாள். முடிவில் 40-22. அந்தப் பந்து அவசரமாக வந்ததற்கு முன்வரிசைதான் காரணம், அன்று மஹோம்ஸை ஆறு முறை சாய்த்தார்கள். உங்கள் அணியில் பாஸ் ரஷ் (குவார்ட்டர்பேக்கை விரட்டும் முன்வரிசை) இல்லையென்றால் எந்தக் கார்னர்பேக்காலும் ஐந்து நொடி மறித்துக்கொண்டு நிற்க முடியாது. அதனால் இரண்டையும் சேர்த்தே யோசியுங்கள்.

வேலை அதோடு தீரவும் இல்லை. அடுத்த மாதமே ஸ்லேயை விடுவித்தார்கள், அவர் பிட்ஸ்பர்க் போனார். ராஜர்ஸ் மினசோட்டா போனார். மிட்செலுக்கு எதிர் ஓரம் மறுபடி காலி. அங்கே 2023ல் நான்காம் சுற்றில் எடுத்த கீலி ரிங்கோவுக்கும், ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்த அடோரி ஜாக்சனுக்கும் போட்டி வைத்தார்கள். பெரிய காசை இந்த முறையும் எடுக்கவில்லை.

நீங்கள் எந்த அணியை மனதில் வைத்துக் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள். யாருக்கு எத்தனை வயது, ஸ்லாட்டில் யார், டிராஃப்டில் எத்தனையாவது இடம் என்று பார்த்துவிட்டு இதே பதிலில் சேர்க்கிறேன்.