கழுத்து எரிகிறது, ரேசரை மாற்றவா?

கேள்வி: கார்ட்ரிட்ஜ் ரேசரை (பல பிளேடுகள் சேர்ந்த தலையை மாட்டிக் கழற்றும் வகை) விட்டு ஒற்றை பிளேடு சேஃப்டி ரேசருக்கு மாறினேன். அடியில் சீப்புப் பல் போல இருக்கும் மாடல். கன்னம் வழவழவென்று வருகிறது, ஆனால் கழுத்தில் எரிச்சல், ரத்தப் பொட்டு. பிளேடு சரியில்லையா? - வாசகர், கோவை

பதில்: பிளேடை அப்புறம் பார்க்கலாம், முதலில் ரேசரின் தலையைக் கவனியுங்கள். பிளேடின் கூர்முனை மேல்மூடியையும் கீழ்ப்பட்டையையும் தாண்டி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பிளேடுக்கும் கீழ்ப்பட்டைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, இந்த இரண்டும்தான் ஒரு ரேசர் சாதுவா முரடா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. சீப்புப் பல் இருந்தாலே முரடு என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, சாதுவான பல் ரேசர்களும் உண்டு. ஜெர்மனியின் மியூலே நிறுவனம் விற்கும் ஆர்89 பல் இல்லாமல் பட்டை வைத்தது, சாது. அதே நிறுவனத்தின் ஆர்41 பல் வைத்தது, ஒரு வாரத் தாடியையும் வாரிக்கொண்டு போகும், ஆனால் கை கொஞ்சம் அழுத்தினாலும் தோலைச் சும்மா விடாது. உங்கள் பழைய கார்ட்ரிட்ஜில் அழுத்தினால் தலை வளைந்து கொடுத்திருக்கும், இதில் வளையாது.

அதனால் உடனே புதிது வாங்க வேண்டாம். ரேசரின் எடையே வேலை செய்யட்டும், பிளேடு தோலோடு சுமார் 30 டிகிரி கோணத்தில் படும்படி பிடித்து, கழுத்தில் முடி வளரும் திசையிலேயே இழுங்கள், எதிர்த்திசை இப்போதைக்கு வேண்டாம். அப்படியும் எரிந்தால் சாதுவான தலைக்கு மாறுங்கள். ஃபெதர் என்ற ஜப்பானிய பிராண்டு மாதிரி மிகக் கூரான பிளேடைக்கூட அதில் தைரியமாகப் போடலாம்.