எழுத்துக்குள் தேயிலை மலை

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: அட்டனில் கல்யாணப் பத்திரிகையும் பெனரும் வடிவமைக்கும் அக்கா

கேள்வி: அக்கா, எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு 10 அடி பெனர் செய்கிறேன். ‘வருக வருக’ என்ற எழுத்துக்குள் டெவோன் அருவி தெரிய வேண்டும். போட்டோஷொப்பில் எழுத்தின் ஓரமாகப் படத்தை அழித்து அழித்துக் கை நோகிறது. வேறு வழி உண்டா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: அழிக்கவே வேண்டாம் தம்பி. லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. எழுத்து லேயர் கீழே, படம் அதற்கு நேர் மேலே. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, லேயர் பட்டியலில் அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டுக்கு மவுஸைக் கொண்டுபோங்கள். சின்னச் சதுரமும் வளைந்த அம்பும் தெரியும். அப்போது ஒரு கிளிக். படம் எழுத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். இதுதான் கிளிப்பிங் மாஸ்க். படம் முழுசாகத்தான் இருக்கிறது, வெளியே உள்ள பகுதி மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். மூவ் டூலால் படத்தை உள்ளுக்குள்ளேயே நகர்த்திப் பார்க்கலாம், எழுத்துப் பிழையையும் திருத்தலாம்.

நானும் வேலை பழகிய காலத்தில் உங்களைப் போலத் தேய்த்தவள்தான். ஒருமுறை எல்லாம் முடித்துவிட்டு, இரவு எட்டு மணிக்குக் கடையைப் பூட்டப் போகும்போது கோயில் தலைவர் வந்தார். “தேர் சனிக்கிழமை இல்லையம்மா, ஞாயிறு” என்றார். ‘சனி’க்குள் இருந்த மலையை ‘ஞாயிறு’க்குள் ஏற்ற விடிந்துவிட்டது.

டைப் மாஸ்க் டூல் என்று இன்னொன்று இருக்கும், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது எழுத்து வடிவத்தில் ஒரு தெரிவை மட்டும் தரும். பிறகு எழுத்தைத் திருத்த முடியாது.

அருவி விஷயத்தில் மட்டும் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. டெவோன் 97 மீட்டர் உயரமாக இருக்கலாம், ‘ரு’வின் சுழிக்குள் அது ஒரு வெள்ளைக் கீற்று. பாதி அருவி இரண்டு எழுத்துக்கு நடுவில் விழுந்து காணாமல் போகும். மேலிருந்து எடுத்த தேயிலை மலைப் படம் வையுங்கள். வரிசை வரிசையாகச் செடி இருப்பதால் எந்த எழுத்தில் எந்தத் துண்டு விழுந்தாலும் தேயிலை என்று தெரியும். எழுத்துரு தடிப்பாக இருக்கட்டும், மெல்லிய கோட்டுக்குள் எந்தப் படமும் நிற்காது. எழுத்து லேயருக்கு வெளிப்புறமாக ஒரு வெள்ளை ஸ்ட்ரோக், அதாவது ஓரக்கோடு, கொடுத்தால் பச்சைப் பின்னணியிலும் எடுப்பாக இருக்கும். அப்புறம், படத்தை வாட்ஸ்அப்பில் வாங்குவதென்றால் டொகியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும், 10 அடிக்கு இழுத்தால் கட்டம் கட்டமாகப் பிரியும்.

கேள்வி: ‘நுவரெலியா’ என்ற எழுத்தின் கீழ்ப்பகுதி பனிமூட்டத்துக்குள் கரைவது போல் செய்ய முடியுமா? எழுத்துக்குப் பழைய சுவரில் எழுதிய தோற்றமும் வேண்டும்.
– வாசகி, தலவாக்கலை

பதில்: இதற்கு லேயர் மாஸ்க். எழுத்து லேயரைத் தெரிவுசெய்து, பட்டியலின் அடியில் உள்ள மாஸ்க் பொத்தானை அழுத்துங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். அதில் வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும், சாம்பல் பாதி காட்டும். ஒரு நிறம் இன்னொன்றாகக் கரையும் கிரேடியன்டை மேலே வெள்ளை, கீழே கறுப்பு வரும்படி இழுத்தால் எழுத்து கீழே போகப் போகக் கரையும். ஆனால் நம் ஊர்ப் பனி அப்படி ஒழுங்காகவா இறங்குகிறது? ஓரம் மென்மையான பெரிய பிரஷ் எடுத்து, ஒபாசிட்டியை (நிறத்தின் அடர்த்தியை) 20 சதவீதம் வைத்து, கறுப்பால் அங்கங்கே தடவுங்கள். கூடிப்போனால் எக்ஸ் விசையை அழுத்தினால் நிறம் மாறும், வெள்ளையால் திருப்பித் தடவலாம்.

பழைய சுவருக்கு எனக்குப் பிடித்த வேலை ஒன்று சொல்கிறேன். சுண்ணாம்பு உரிந்த லயத்துச் சுவரை போனில் படம் எடுங்கள், மழை பெய்து காய்ந்த மறுநாள் என்றால் திட்டுகள் நன்றாக விழும். எழுத்து லேயரைக் குரூப்பில் போட்டு அந்தக் குரூப்புக்கு இன்னொரு மாஸ்க் வையுங்கள், பனி மாஸ்க் கெடாது. ஆல்ட் அழுத்திப் புதிய மாஸ்க் கட்டத்தைக் கிளிக் செய்தால் திரை முழுக்க மாஸ்க் திறக்கும். சுவர்ப் படத்தை அதில் பேஸ்ட் செய்யுங்கள், கறுப்பு வெள்ளையாக விழும். கண்ட்ரோலும் எல்லும் அழுத்தி லெவல்ஸில் கறுப்பையும் வெள்ளையையும் இறுக்கினால் எழுத்தும் அதே திட்டுகளோடு உரிந்து நிற்கும். இணையத்தில் இறக்கும் ‘கிரஞ்ச்’ படங்களைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: போட்டோஷொப் வாங்க வசதியில்லை. இதெல்லாம் இலவசமாகச் செய்யலாமா?
– வாசகர், பொகவந்தலாவ

பதில்: செய்யலாம். போட்டோபியா என்ற தளம் பிரவுசரிலேயே ஓடும், கிளிப்பிங் மாஸ்க்கும் அதே மாதிரிதான். விளம்பரம் வரும், சகித்துக்கொள்ளுங்கள். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் என்றால் எழுத்து லேயரில் ‘அல்ஃபா டு செலக்‌ஷன்’ கொடுத்து, பிறகு பட லேயருக்கு மாஸ்க் சேர்க்கும்போது ‘செலக்‌ஷன்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். எழுத்து லேயரை மறைத்து வையுங்கள், அழித்துவிட வேண்டாம். வாசகம் மாறினால் அதிலிருந்துதான் மாஸ்க்கை மறுபடி போட வேண்டும்.

கேள்வி: யூனிகோடில் ‘கொழுந்து’ என்று அடித்தால் கொம்பு தள்ளிப்போய் நிற்கிறது!
– வாசகி, நோர்வூட்

பதில்: போட்டோஷொப்பில் எடிட், பிரிபரன்சஸ், டைப் என்று போய்த் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவு இருந்தால் அதைப் போட்டுவிட்டுப் புதிய கோப்பில் அடித்துப் பாருங்கள். அவசரமென்றால் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடியுங்கள், கொம்பு பிசகாது. ஆனால் பாமினி இல்லாத கணினியில் திருத்தப் போனால் தமிழ் போய் ஆங்கில எழுத்தாக நிற்கும். அச்சுக்கு ஜேபெக் ஆக்கிக் கொடுங்கள், மூலக் கோப்பு உங்களிடமே இருக்கட்டும்.