ஆயிரத்தில் முந்நூறோடு நின்றுவிட்டால்?

கேள்வி: பரம்பரையாக நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. இப்போது ஒரு பெண்கள் ஜெபக்குழுவுக்கும் போகிறேன். அங்கே தந்த சின்னப் புத்தகத்தை வைத்து, தினமும் விடியற்காலை 4:30 மணிக்கு ஆயிரம் ஸ்தோத்திரம், அதாவது கடவுளைத் துதிக்கும் ஆயிரம் சிறு வரிகள், சொல்லி வருகிறேன். வாய் சொல்லிக்கொண்டே போகிறது, மனமோ மாத்திரைச் செலவுக்கு என்ன செய்வது என்று அலைகிறது. என் கணவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். "ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, கொஞ்சம் மெதுவாகச் சொல்லேன்" என்கிறார். குழுவில் ஒரு அக்கா, அது துதியைத் தடுக்கும் சாத்தானின் வேலை என்கிறார். போன மாதம் பல நாள் முந்நூறோடு நின்றுவிட்டேன். அந்த வாரத்தில்தான் அவருக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் துதிக்காததுதான் காரணமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி

பதில்: அன்புச் சகோதரி, காரணம் அதுவல்ல. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு உடம்பில் நீர் சேர்ந்தால் மூச்சுத்திணறல் வரும். எதனால் வந்தது, தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்பதையெல்லாம் டாக்டரிடம் கேளுங்கள். மீதி எழுநூறு ஸ்தோத்திரத்தின் மேல் அந்தப் பழியைப் போடாதீர்கள்.

ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வது தப்பில்லை. வேதாகமத்தின் துதிப்பாடல்களான சங்கீதங்களில், 136-ஆம் சங்கீதத்தில் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று 26 தடவை வருகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் ஒரு காரணம் இருக்கிறது. சூரியன், சந்திரன், செங்கடல், வனாந்தரம் என்று தொடங்கி, நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்ததைச் சொல்லி, கடைசிக்கு முந்தின வசனத்தில் சாப்பாட்டுக்கு வந்து நிற்கிறது. எண்ணிக்கையை முடிக்க ஓடுகிறவருக்கு இந்தக் காரணங்கள் கண்ணில் படாது. அதிகம் பேசினால் ஜெபம் கேட்கப்படும் என்ற நினைப்பை மத்தேயு 6-ல் இயேசுவே கண்டித்திருக்கிறார். அந்த ஆயிரத்தில் பத்து வரியை எடுத்து, ஒவ்வொன்றிலும் சற்று நின்று சொல்லுங்கள். கணக்குப் பார்க்க அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

துதித்தால் கதவு திறக்கும் என்று, இயேசுவைப் பற்றிப் பிரசங்கித்ததில் சிறைக்குப் போன பவுலையும் சீலாவையும் காட்டுவார்கள். உங்கள் குழுவிலும் காட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்போஸ்தலர் 16-ஐ முழுசாகப் படித்துப் பாருங்கள். பிலிப்பியில் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் (கைதியின் காலைப் பூட்டும் மரக்கட்டையில்) மாட்டியிருக்க, நடுராத்திரியில் பாடினார்கள். பூமி அதிர்ந்தது, கதவெல்லாம் திறந்தது. ஆனால் இரண்டு பேரும் வெளியே ஓடவில்லை! உள்ளேயே இருந்து, தற்கொலை செய்யப்போன சிறைக்காவலனைத் தடுத்தார்கள். கதவைத் திறக்கப் பாடினவர்கள் என்றால் திறந்தவுடன் போயிருப்பார்களே. பிற்பாடு அதே பிலிப்பி சபைக்குப் பவுல் கடிதம் எழுதினபோது மறுபடியும் கட்டுண்டுதான் இருந்தார். அந்தக் கடிதத்தில்தான் "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று வருகிறது. துதியை ஒரு விலையாக நினைத்தால் இந்த இரண்டாவது சிறையை நம்மால் விளங்கிக்கொள்ளவே முடியாது.

அப்புறம், மனசு பாரமாக இருக்கும்போது வலிந்து சிரித்துத் துதிக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்டதும் சங்கீதம்தான். 88-ஆம் சங்கீதம் கடைசி வசனம் வரை இருட்டிலேயே முடிகிறது. அதன் தலைப்பைப் பாருங்கள், ஆலயப் பாடகரான கோராகின் புத்திரரின் பாட்டு. அழுகையையும் ஆராதனையில் வைத்தே பாடியிருக்கிறார்கள். நம் சபைகளில் அந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடுகிறோம் என்பது என் வருத்தம். கீபோர்டும் டிரம்ஸும் ஏறிய வேகத்தில், கண்ணீரோடு வந்தவருக்குப் பாட ஒரு பாட்டு இல்லாமல் போகிறது.

இனி உங்கள் கணவர் விஷயம். சகோதரி, அது சாத்தான் இல்லை. தூக்கம் வராத நோயாளி. எபிரெயர் 13-ல் 15-ஆம் வசனம் உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலியைச் சொல்கிறது. அடுத்த வசனமே நன்மை செய்வதைச் சொல்லி, "இப்படிப்பட்ட பலிகளின்மேல் தேவன் பிரியமாயிருக்கிறார்" என்று முடிக்கிறது. நாலரை மணிக்கு விளக்குப் போடாமல் அவரைத் தூங்கவிடுவதும் அந்தப் பலியில் சேர்ந்ததுதான். துதிக்க வேண்டும் என்று தோன்றினால் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு வாய்க்குள் சொல்லுங்கள்.

அவரையும் சேர்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. சங்கீதம் 103 "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்கிறது. ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு ஒரு உபகாரம் சொல்லுங்கள். அன்றைக்கு நடந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். "இன்றைக்கு ஊசி முதல் தடவையே சரியாக ஏறிவிட்டது." "கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது." "பக்கத்து பெட்காரர் வீட்டம்மா எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார்." ஒரு நாள் அவருக்குச் சொல்ல ஒன்றும் அகப்படாவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம். அன்றைக்கு 13-ஆம் சங்கீதத்தைப் படித்துவிட்டுப் படுங்கள், ஆறே வசனம்தான். இருவருக்கும் தெரிந்த ஒரு கீர்த்தனையின் பல்லவியை மட்டும் மெல்லப் பாடினாலும் போதும். சுருதி சேராவிட்டால் என்ன?

அந்த அக்காவோடு வாதாடாதீர்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். அடுத்த டயாலிசிஸ் அன்று துணைக்கு வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நாலு மணி நேரம் வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பதற்குப் பேச்சுத்துணை கிடைத்த மாதிரி இருக்கும். புத்தகத்தையும் கொண்டுவரட்டும், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பக்கம் படிக்கலாம்.